212ஆம் பக்கத்தில் கிடக்கும் நாவல்

வாசகர் கேள்வி: நான் முத்தையன்கட்டுப் பக்கத்தைச் சேர்ந்தவன். நீர்ப்பாசன வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். ஆறு வருடமாக ஒரு மிகுபுனைவு (fantasy) நாவல் எழுதி முடித்திருக்கிறேன். 640 பக்கங்கள், மூன்று வரைபடங்கள், ஒரு நாட்காட்டி, கடைசியில் 38 பக்கப் பெயர் அகராதி. வாசிக்கக் கொடுத்த ஐந்து நண்பர்களும் ‘உலகம் அபாரம்’ என்கிறார்கள். ஆனால் ஒருவர்தான் கடைசிவரை வாசித்தார். கதை நகரவில்லை, பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை என்பது எல்லோருடைய குறை. வேகம் போதாது என்று ஒருவர் சொன்னதால் மூன்று போர்களைச் சேர்த்தேன். பிறகும் அதே பேச்சு. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் உலகத்தை முழுதாகக் கட்டிவிட்டுத்தானே எழுதினார்? இது கைத்தொலைபேசிக்குப் பழகிய வாசகரின் பொறுமையின்மையா, என் பிழையா? பாதியை வெட்டவா, மூன்று பாகமாகப் பிரிக்கவா? பிரதியை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,

உங்கள் பிரதி வந்து மூன்று கிழமையாகிவிட்டது. இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை பென்சிலோடு. 90ஆம் பக்கமளவில் பென்சில் தானாக நின்றுவிட்டது. உங்கள் நண்பர்கள் நால்வருக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது. வாசிப்பதே தொழில் என்பதால் இழுத்துப் பிடித்து முடித்தேன். இரண்டாம் தடவை பென்சிலை வைத்துவிட்டு, உங்கள் வரைபடத்தை மேசையில் விரித்துக்கொண்டு வாசித்தேன். அப்போதுதான் 212ஆம் பக்கம் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று எடுக்கவேண்டாம். என்னிடம் வரும் மிகுபுனைவுப் பிரதிகளில் பாதியில் பனி கொட்டுகிறது. உறைபனியைக் கண்ணால் காணாத பிள்ளைகள் பனிமலையையும் கற்கோட்டையையும் நெருப்புக் கக்கும் பறவையையும் எழுதி அனுப்புகிறார்கள். உங்கள் நாட்டில் பதினொரு குளங்கள் இருக்கின்றன, குளத்துக்கொரு சட்டம் இருக்கிறது. ஆண்டு காலபோகமாகவும் சிறுபோகமாகவும் பிரிகிறது. மாதப் பெயர்களுக்குப் பதிலாக வீரை பழுக்கும் காலம், பாலை பழுக்கும் காலம். வழக்கில் சாட்சி சொல்ல வருபவன் முதலில் ஒரு கை பாலைப்பழம் தின்னவேண்டும்; உதடு ஒட்டிக்கொண்டால் அவன் பொய்யன். இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டாத பிள்ளை வன்னியில் எங்கே இருக்கிறது? அப்படியென்றால் உங்கள் நாட்டில் எல்லோரும் பொய்யர்கள். நீதிபதிக்கும் அது தெரியும், அவரும் சிறுவயதில் தின்றவர்தான். ஆனாலும் வழக்கு நடக்கிறது, தண்டனை கிடைக்கிறது. ஒரு நாட்டின் நீதியை ஒரு பழத்தில் காட்டிவிட்டீர்கள்.

இன்னொரு சட்டம்தான் இந்தப் பிரதியின் உயிர். மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்கிறேன். பெரியகுளத்தின் துருசை, அதாவது மதகை, இரவில் திறப்பவர், தாம் அறிந்த ஒரு பெயரைக் குளத்துக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்த பெயர் பிறகு அவரிடம் தங்காது. மற்றவர்கள் சொல்லிக் கொடுத்தாலும் விடிந்ததும் மறந்துபோகும். வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யாரோ ஒருவரின் நெஞ்சிலிருந்து ஒரு பெயர் போகும். இதைக் கண்டுபிடித்தவருக்குக் கற்பனையைப் பற்றி நான் பாடம் எடுக்கப்போவதில்லை.

இந்தச் சட்டம் 17ஆம் பக்கத்தில் வருகிறது. அதற்கு முன் பதினாறு பக்கத்துக்கு ஏழு அரசர்களின் வம்சாவளி. சட்டத்தைச் சொன்ன கையோடு துருசின் கல் எந்த மலையிலிருந்து வந்தது, எத்தனை முழம், பலகைக்கு முதிரையா பாலையா என்று நான்கு பக்கம். கதாநாயகி வல்லி 61ஆம் பக்கத்தில் நடந்து வருகிறாள். வந்தவள் அடுத்த 150 பக்கத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். ஒரு குளத்துக்குப் போகிறாள், அங்கே ஒரு முதியவர் அவளை உட்காரவைத்து அந்தக் குளத்தின் வரலாற்றைச் சொல்கிறார், அவள் வியக்கிறாள், அடுத்த குளத்துக்குப் புறப்படுகிறாள். பதினொரு முதியவர்கள்! எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அது உங்களுடைய குரல். சுற்றுலா வழிகாட்டியின் பின்னால் தலையாட்டிக்கொண்டு போகும் பயணியின் முகம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

இனி 212ஆம் பக்கம். ஏழாவது குளத்தின் வான், அதாவது மிகைநீர் வழியும் இடம், எவ்வளவு அகலம் என்று விபரித்துக்கொண்டு போகிறீர்கள். நடுவில் இந்த ஒரு வரி: “வல்லியின் தாய் முப்பது வருடம் துருசு திறந்தவள்; கடைசியில் மகளின் பெயரையும் கொடுத்துவிட்டாள்.” அடுத்த வாக்கியம் மறுபடியும் வானின் அகலம்.

தம்பி, உங்களால் எப்படி அடுத்த வாக்கியத்துக்குப் போக முடிந்தது?

எனக்கு முடியவில்லை. பிரதியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பெற்றவளுக்கு மகளின் பெயர் தெரியாது, ஊர் வயலெல்லாம் பச்சை. எந்தப் பெயரைக் கொடுப்பது என்று திறப்பவர் தெரிவு செய்யலாமா, குளமே எடுத்துக்கொள்கிறதா? தெரிவு செய்யலாமென்றால் அவள் தெரிந்துதான் கொடுத்தாள். அன்றிரவு அவளிடம் வேறு பெயர் எதுவும் மிஞ்சியிருக்கவில்லையா? மிஞ்சியிருந்தால் யாருடைய பெயரை வைத்துக்கொண்டு மகளுடையதைக் கொடுத்தாள்? குளம்தான் எடுக்கிறதென்றால் இது முற்றிலும் வேறு கதை. துருசுக் கல்லின் நீள அகலம் எழுதியிருக்கும் பிரதியில் இதற்குப் பதில் இருக்கிறதா என்று தேடினேன். 640 பக்கத்திலும் இல்லை.

எங்கள் பழைய இலக்கணம் இதை எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியவை கருப்பொருள். பிரிதல், இருத்தல், இரங்கல் என்று மனிதர் படும் பாடு உரிப்பொருள். இம்மூன்றில் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தது என்றுதான் தொல்காப்பியத்துக்கு உரை சொன்னவர்கள் விளக்கினார்கள். ஒரு திணைக்குரிய நிலமும் மரமும் பறவையும் இன்னொரு திணையில் மயங்கி வரலாம் என்று நூல் இடம் கொடுக்கிறது. உரிப்பொருளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. நீங்கள் முதலையும் கருவையும் மற்றவர்கள் பொறாமைப்படும் அளவுக்குக் கட்டிவிட்டீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்துகொண்டு, முல்லைக்கு உரிய காத்திருப்பை மாத்திரம் ஒற்றை வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தப் பெண் இத்தனை வருடமும் தன் பெயர் தாயின் வாயில் வருமென்று காத்திருக்கவில்லையா?

டோல்கீனை எல்லோரும் தங்கள் பக்கச் சாட்சியாக அழைக்கிறார்கள். அவருக்கும் கொஞ்சம் பாலைப்பழம் கொடுத்துப் பார்ப்போம். தம் உலகின் பழங்கதைகளை அவர் முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார், உண்மை. 1937இல் அவருடைய சிறுவர் நாவல் நன்றாக விற்றதும் பதிப்பாளர் அடுத்ததைக் கேட்டார். அவர் அந்தப் பழங்கதைகளைக் கொடுத்தார். பதிப்பாளர் எடுக்கவில்லை. பிறகு 1954இலும் 1955இலும் மூன்று பாகமாக வந்த பெரிய நாவலில், அரச வம்சங்களும் காலக்கணக்கும் எழுத்துமுறையும் கடைசிப் பாகத்தின் பின்னிணைப்புக்குப் போயின. பழங்கதைகள் தனி நூலானது 1977இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, மகனின் கையால். நாவலைச் சுமந்து நடப்பவர்கள் யார் என்றும் பாருங்கள்: உலக அரசியல் தெரியாத, தோட்டமும் நல்ல சாப்பாடும் போதுமென்றிருந்த சின்ன மனிதர்கள். கையில் ஒரு மோதிரம். எறியவேண்டும், எறிய மனம் வரவில்லை. ஆகவே இந்தச் சாட்சி எதிர்த்தரப்புக்கே உதவும்.

மூன்று போர்களையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரியாத நாலாயிரம் பேர் செத்தார்கள். நான் பக்கத்தைப் புரட்டினேன். ஓட்டம் என்றால் என்னவென்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும், சிறுபோகத்து முறைத்தண்ணீரோடு புழங்குகிறவர் நீங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து வருவதைவிட மெதுவான காட்சி எது? ஆனால் இரவு இரண்டு மணிக்கு முறை கிடைத்த கமக்காரன் டோர்ச்சோடு வரம்பில் நிற்கிறான். தண்ணீர் வந்திருக்கவேண்டும், வரவில்லை. மேலே எங்கோ மண்வெட்டிச் சத்தம் ஒரு தடவை கேட்டு நின்றது. யாரோ மறித்திருக்கிறான். யார் என்றும் இவனுக்குத் தெரியும், மனைவியின் தமையன். பயிர் கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் நிற்கிறது. விடிந்தால் முறை முடிந்தது. இதில் ஒருவரும் ஓடவில்லை, வாள் எடுக்கவில்லை. இருந்தும், அவன் மேலே நடந்து போனானா, வீட்டுக்குத் திரும்பினானா என்று தெரியாமல் எந்த வாசகரும் நித்திரைக்குப் போகமாட்டார். உங்கள் அலுவலக மேசைக்கு வரும் முறைப்பாட்டுக் கடிதங்களில் இருக்கும் ஓட்டம் உங்கள் போர்களில் இல்லை.

நீர்ச்சபை அத்தியாயத்துக்கும் இதே வைத்தியம்தான். யார் எந்தப் படியில் உட்காருவார், யார் முதலில் பேசுவார் என்று 22 பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சிறுபோகக் கூட்டமொன்றை நினைத்துப் பாருங்கள். குளத்தின் நீர்மட்டத்துக்கு இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு மௌனம் விழுமே, அந்த மௌனத்தில் ஒவ்வொருவரும் தன் பங்கைக் கணக்குப் போடுவார்களே. ஆசனங்களின் ஒழுங்கை வாசகர் அந்த மௌனத்துக்குள் தாமாகவே பார்த்துக்கொள்வார்.

வம்சாவளியை ஏன் அவ்வளவு கடிந்துகொள்கிறேன் என்றும் சொல்லவேண்டும். கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் நினைவுக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். 1803 ஒக்டோபர் 31, ஆங்கிலேயப் படையின் வொன் டிறிபேர்க்கிடம் தோல்வி. கல்லுக்கு அவ்வளவுதான் தெரியும். ஊரில் ஒரு கிழவியிடம் கேட்டால் தேதி வராது. காக்கை வன்னியன் வருவான். அவன் எதற்காக மனம் கசந்தான், எப்படிக் காட்டிக்கொடுத்தான் என்று, தான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலச் சொல்லுவாள். அதில் எவ்வளவு சரித்திரம் என்பது வேறு வழக்கு. உங்கள் முதல் பதினாறு பக்கமும் கல்லின் பக்கம் நிற்கின்றன.

விளக்கம் சொல்லும் ஆசையும் அப்படித்தான். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முன் சிலாவத்தைக் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைக் கண்டிருப்பீர்கள். அங்கே கூடியிருக்கும் சனத்துக்கு யாராவது அது எப்படி எரிகிறது என்று விரிவுரை செய்கிறார்களா? சனம் திரியைப் பார்க்கிறது. அதற்குள் நேர்த்திக்கடனோடு வந்த தாய் ஒருத்தி திரியைக்கூடப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். எழுத்தாளன் பார்க்கவேண்டியது அவளை.

இதுவரை வாசித்துவிட்டு, பாதியை வெட்டத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் பக்கத்திலிருந்து வரும் பிரதிகளில் இந்தப் பழக்கம் அதிகம். ஊர், ஒழுங்கை, குளம், மரம், மரத்தடிக் கோவில் என்று ஒன்றுவிடாமல் பெயர் எழுதுவார்கள். பல தடவை இடம்பெயர்ந்த சனம் நாங்கள். திரும்பி வந்தபோது சில இடங்களில் பெயர் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. எழுதாவிட்டால் அதுவும் போய்விடும் என்ற பயம் கையைப் பிடித்து எழுதவைக்கிறது. உங்கள் 38 பக்கப் பெயர் அகராதியை வாசித்தபோது அந்தப் பயம்தான் தெரிந்தது. இறந்துபோன ஒரு குட்டிக்குளத்துக்குக்கூட ஒரு பதிவு போட்டிருக்கிறீர்கள். பெயர்களைத் தின்னும் குளத்தைப் பற்றிய கதையை, ஒரு பெயரையும் இழக்க மனமில்லாத ஒருவர் எழுதியிருக்கிறார். கதையில் நடக்கவேண்டியது கதைக்கு வெளியே, எழுதுபவரின் மேசையில் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த அகராதியை வல்லியிடம் கொடுத்துவிடுங்கள். அவள் எழுதட்டும். தாய் ஒவ்வொரு இரவும் எதை இழந்தாள் என்று ஓலையில் குறித்துவைக்கிறவள் அவளாக இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரியின் பெயர், மாட்டின் பெயர், செத்துப்போன தமையனின் பெயர். ஒருநாள் தன்னுடையதையும் எழுதவேண்டி வருகிறது. பதினொரு குளத்துக்கும் அவள் போகட்டும், ஆனால் ஒரே கேள்வியோடு: கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றவர் எவராவது உண்டா? இப்போது அந்த முதியவர்கள் வரலாறு ஒப்பிக்க முடியாது. ஒருவருக்குத் தெரியும், சொல்லமாட்டார். ஒருவருக்குத் தெரியாது, தெரிந்ததுபோல நடிப்பார். ஒருவர் தாமே தம் மனைவியைக் கொடுத்தவராக இருக்கலாம். குரல்கள் தானாகவே பிரியும். வானின் அகலமும் அப்போது தேவைப்படும், ஏனென்றால் அவள் அதை நீந்திக் கடக்கவேண்டி வரலாம். நீங்கள் கட்டிய உலகத்தில் ஒரு செங்கல்லைக்கூட வீணாக்கத் தேவையில்லை. ஆளில்லாத வீடாக இருக்கிறது, குடிவைக்கவேண்டும்.

பாலைப்பழ வழக்கையும் வேடிக்கையாக விட்டுவிடாதீர்கள். அந்தக் கூண்டில் தாயை ஏற்றுங்கள். ‘தெரிந்து கொடுத்தாயா?’ என்று கேட்கிறார்கள். அவள் உதடு ஒட்டிக்கொள்கிறது. எல்லோருடைய உதடும் ஒட்டும் என்று வல்லிக்கும் தெரியும். அவள் எதை நம்புவாள்?

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்று காட்ட ஒரு துண்டு எழுதிப் பார்த்தேன். இது என் கை. அப்படியே எடுத்துப் போடவேண்டாம்.

“அம்மா விளக்கை உயர்த்தி வல்லியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

‘யாருடைய பிள்ளை நீ?’

‘உங்களுடைய பிள்ளை.’

‘பெயர்?’

வல்லி சொன்னாள். அம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், கடையில் புதுச் சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல.

‘நல்ல பெயர்’ என்றாள். ‘யார் வைத்தது?’”

துருசு இல்லை, அரசர்கள் இல்லை, சட்டமும் இல்லை. இந்தத் தாய்க்கு என்ன நடந்தது என்று வாசகர் கேட்பார். கேட்டபின் உங்கள் 17ஆம் பக்கத்தைக் கொண்டுவாருங்கள். அதே பக்கம், ஒரு சொல் மாற்றாமல், வேறு விதமாக வாசிக்கப்படும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: மூன்று பாகமாகப் பிரிக்கவேண்டாம், நகராத கதையை மூன்றாக வெட்டினால் நகராத கதைகள் மூன்று கிடைக்கும், அச்சுக்கூலியும் மூன்று தடவை. கைத்தொலைபேசியைக் குறைசொல்லவேண்டாம், அதே பிள்ளைகள் தடித்த புத்தகங்களை விடியவிடிய வாசிப்பதை நான் கண்டிருக்கிறேன். நாட்காட்டி அப்படியே இருக்கட்டும், நாவல் வெளிவராவிட்டாலும் அதை நான் சுவரில் தொங்கவிடுவேன்.

புது எழுத்தைத் தொடங்குமுன் ஒரு தாளில் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதி அனுப்புங்கள்: தாய் தெரிந்து கொடுத்தாளா, குளம் எடுத்ததா? உங்களுக்கே இன்னும் தெரியாவிட்டால் அதையும் எழுதுங்கள், அவசரமில்லை.

பிரதியைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 212ஆம் பக்கத்தின் மூலை மடிந்திருக்கும். வரைபடங்கள் மூன்றையும் வேண்டுமென்றேதான் உறைக்குள் வைக்கவில்லை. நாவலை முடித்துக்கொண்டு நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.